படிவு

மாவு படிய ஓர் இரவு போதும்.
காலையில் மேலே தெளிந்த தண்ணீர்,
அடியில் வெள்ளை.
சத்தமே வராது.
ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலையில்
பதினெட்டு வருடம் தொட்டி ஓரம் நின்றவன் நான்.
படிவதைப் பற்றி எனக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றிருந்தேன்.

ஐந்து ரோடு ஸ்கேன் சென்டரில்
வயிறு தள்ளிய பெண்களுக்கு நடுவே
பள்ளிச் சீருடையில் மிருதுளா.
ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிப்பதில்லை
என்ற பலகையை இரண்டு தடவை வாசித்துவிட்டு
"எனக்கு மட்டும் என்னப்பா சொல்வாங்க?" என்றாள்.

குளிர்ந்த பசை பட்டதும் சிரித்தாள்.
மூச்சை இழு. பிடி. விடு.
இழு. பிடி.
திரையில் சாம்பலாக இருக்க வேண்டிய இடம்
களத்தில் காயப்போட்ட ஜவ்வரிசியாய்
வெளுத்துக் கிடந்தது.

கொழுப்பு, என்றார் டாக்டர். ஈரலில்.
சர்க்கரை இருக்கிற பிள்ளைகளில் பார்க்கிறோம்,
இப்போது நிறையப் பார்க்கிறோம்.

ஈரல் கெடுவது எங்கள் வீட்டில்
என் தம்பிக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து.
மஞ்சளேறிய கண்ணோடு அவனைப்
பெரியாஸ்பத்திரிக்கு எத்தனை ராத்திரி தூக்கியிருப்போம்.
திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள்:
"நான் எப்பப்பா குடிச்சேன்?"
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
நான் டிக்கெட்டை மடித்தேன்,
இன்னும் மடித்தேன்.

போன வருடம் கழுத்தில் கருப்பு ஏறியது.
அழுக்கு என்றாள் பரிமளா.
ஞாயிறு தவறாமல் பயத்தமாவு, பீர்க்கை நார்.
தோல் சிவந்தது, பிள்ளை அழுதது,
கருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.
அது உள்ளேயிருந்து வருகிற கருப்பு
என்று தெரிந்த நாளிலிருந்து
சடை பின்னும்போது பரிமளாவின் விரல்
அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

வாட்டசாட்டமாக இருக்கிறாள், சுத்திப் போடுங்கள்
என்ற அதே சொந்தங்கள்தான்
வெளியே மூச்சு விடாதீர்கள், நாளைக்கு
ஓர் இடத்தில் கொடுக்க வேண்டாமா என்கிறார்கள்.
அவளுக்குப் பதின்மூன்று வயது.
கணக்குப் பாடத்தில் தொண்ணூற்றொன்று.

சம்பள நாளில் செவ்வாய்ப்பேட்டை முக்கில்
தட்டுவடை செட் இரண்டு பிளேட்,
ஒரு பச்சை பாட்டில்.
அவள் கேட்டதில்லை. நான்தான் வாங்கினேன்.
தின்கிற பிள்ளையைப் பார்ப்பதில்
எனக்கு ஒரு திமிர் இருந்தது.
டாக்டரிடம் இதைச் சொன்னேன்.
"உங்க தப்பு மட்டும் இல்லைங்க, வம்சத்துலயும் வரும்" என்றார்.
அந்த 'மட்டும்' என்ற சொல்லை
வீடுவரை தூக்கி வந்தேன்.

எடை இறங்கினால் ஈரல் திரும்பும் என்றும் சொன்னார்.
திரும்பும் என்றால்?
பழையபடி ஆகும்.
நான் நம்பவில்லை.
எங்கள் தொட்டியில் படிந்தது
தானாகக் கரைந்து பார்த்ததில்லை,
மண்வெட்டியால் வெட்டித்தான் எடுப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரம் வரை பஸ்.
அங்கிருந்து நடை.
"ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசியாம்,
எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டுதான்" என்றாள்,
சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

மூன்றாவது வளைவில் எனக்கு மூச்சு வாங்கியது.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன்.
கீழே வெள்ளைக்கல் தோண்டிய குழிகள்
வெயிலில் கண்ணைக் கூசின.
ஒரு குரங்கு அவள் பையையே பார்த்தது.
பையில் சுண்டல், தண்ணீர், சர்க்கரை பார்க்கும் மெஷின்.

திரும்பி வந்தாள்.
என் சட்டைப் பொத்தான் திணறுகிற இடத்தில்
உள்ளங்கையை வைத்தாள்,
ஸ்கேன் அறை அக்கா குரலில்:
மூச்சை இழு.
பிடி.

பிடித்தேன்.

'விடு' என்று சொல்ல
வேண்டுமென்றே தாமதித்தாள்.